‘பரவால்ல’வுக்குக் கோசோங்

அந்தப் பச்சை மூஞ்சியை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் குமட்டும். வட்ட முகம், புள்ளி வைத்தாற்போல இரண்டு கண், காதுவரை இழுத்துவிட்ட சிரிப்பு. அதற்குக் கீழே ஒரு வரி: ‘வாழ்த்துகள்! உங்கள் மனம் நலமாக உள்ளது.’ அந்த வரியை எழுதிய புண்ணியவதி நான்தான். மலேசியாவில், கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், எங்கள் உளவியல் துறையில் தமிழில் நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒரே மாணவி. அந்த மிதப்பில் ‘வாழ்த்துகள்’ என்பதில் ‘க்’ வருமா வராதா என்று அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த அரைமணி நேரத்தை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் படித்தது பொறியியலுக்குப் பெயர்போன ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அங்கே உளவியலுக்கு என்ன வேலை என்று கேட்காத ஆள் கிடையாது. சொந்தக்காரர்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள். கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்னைப் பிடித்து உட்கார வைத்து, சைக்காலஜியா, அப்ப தஞ்சோங் ரம்புத்தானில்தான் வேலையா என்று சிரிப்பார்கள். அந்த ஊரில் பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால், யாரையாவது பைத்தியம் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரே போதும். அப்படிச் சொல்லிச் சிரித்த அதே மனிதர் கை கழுவப் போகிற இடத்தில் என்னை ஓரம்கட்டி, தன் மகள் மூன்று மாதமாக அறையைவிட்டு வெளியே வருவதில்லை, என்ன செய்யலாம் என்று கிசுகிசுப்பார். சீ என்று இருக்கும். ஆனாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை கணினிக் கட்டடத்தின் நான்காவது மாடியில், நடைபாதையின் கடைசியில் இருந்தது. கீழ்த்தளத்தில் ரோபோ ஆய்வுக்கூடம். அங்கே இரவு பகலாகக் குளிர்சாதனம் ஓடும், ஒரு ரோபோவுக்குக் கை மடங்கவில்லை என்றால் மூன்று பேர் ஓடி வருவார்கள். எங்கள் மாடியில் பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போய் மூன்று வருடம் ஆயிற்று. படித்து முடிக்கும்வரை ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி உள்ளே போனோம். ஆலோசனைப் பயிற்சிக்கென்று எங்களுக்கு ஒதுக்கிய அறையில் பழுதான பிரிண்டர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த மை வாடைக்கு நடுவில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ‘அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது’ என்று ஒருவரையொருவர் கேட்டுப் பழகினோம். மாணவர் சேர்க்கைக் கையேட்டில் மட்டும், தொழில்நுட்பத்தின் மையம் மனிதனே என்று பளபளவென்று அச்சடித்திருந்தார்கள்.

என் இறுதியாண்டுத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர், அதனால் எல்லாரும் அவரை டாக்டர் என்றே கூப்பிடுவோம். வகுப்பில் அவர் வாயிலிருந்து தமிழ் ஒரு சொல் வராது. காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் ‘என்னம்மா, சாப்பிட்டியா’ என்று எட்டிப் பார்க்கும். அவர் மேசையில் மூளை வடிவத்தில் ஒரு ரப்பர் பந்து கிடக்கும். பேசும்போதெல்லாம் அதைப் பிசைந்துகொண்டே இருப்பார். இளஞ்சிவப்பாக இருந்திருக்க வேண்டிய பந்து, கை அழுக்கு ஏறிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. அதைத் தொட்ட கையாலேயே என் தோளைத் தட்டிக்கொடுப்பார்.

திட்டம் இதுதான். கணினித் துறைக்காரர்கள் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் மனநிலையை அளக்க ஒரு செயலி செய்துகொண்டிருந்தார்கள். பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்: ஒருநாளும் இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், ஏறக்குறைய எல்லா நாளும். முதலாவதற்குப் பூஜ்ஜியம், கடைசிக்கு மூன்று. கூட்டிப் பார்த்துச் செயலி ஒரு முகம் காட்டும்: பச்சை, மஞ்சள் அல்லது சிவப்பு. அதோடு, தொழிலாளி பேசுவதைப் பதிவுசெய்து அதற்கு நாங்கள் போடுகிற எண்ணையும் வைத்து இயந்திரத்துக்குப் பழக்கிக் கொடுப்பார்கள். பிறகு ஆள் தேவையில்லை, அதுவே கேட்டு அதுவே எண் போட்டுக்கொள்ளும். தமிழ்ப் பகுதியை நீ பார்த்துக்கொள் என்றார் டாக்டர். ஒழுங்காக முடித்தால் முதுகலைக்குச் சேர நல்ல சிபாரிசுக் கடிதம் தருவதாகவும் சொன்னார். அந்தக் கடிதத்துக்காக நான் எதையும் மொழிபெயர்க்கத் தயாராக இருந்தேன்.

ஆள் பிடிப்பதும் எளிதாகப் போயிற்று. தெலுக் பங்லிமா காராங்கில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு தொழிற்சாலையில் அம்மா பதினெட்டு வருடமாகப் பேக்கிங் பகுதியில் இருக்கிறார். நிர்வாகத்திடம் டாக்டர் பேசினார், தொழிலாளர்களிடம் அம்மா பேசினார். மதியத்தில் தொழிற்சாலை கேண்டீனில் ஒரு மூலை மேசையை எங்களுக்குக் கொடுத்தார்கள். டேப்லட்டை நிறுத்திவைத்து, பல்கலைக்கழகச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டையின் முதுகில், பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.

முதல் நாளே பிரச்சினை வந்தது. ‘கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் தூக்கமின்றி அவதியுற்றீர்கள்?’ என்று செய்தி வாசிப்பதுபோல் கேட்டேன். எதிரில் இருந்த அக்கா, “பரவால்லமா” என்றார். நான்கு பதில்களையும் வாசித்துக் காட்டி, இதில் எது என்றேன். “அதான் பரவால்லன்றேன்ல.” அடுத்து வந்தவரும் பரவால்ல. அவருக்கு அடுத்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து, பசிக்கும் பரவால்ல, தூக்கத்துக்கும் பரவால்ல, வாழ்க்கை வெறுத்துப் போனதா என்ற கேள்விக்கும் பரவால்ல. என் நான்கு கட்டங்களில் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. டாக்டருக்குப் போன் போட்டேன்.

“பரவால்லன்னா நோ ப்ராப்ளம்தானே. கோசோங் போடு லா” என்றார்.

கோசோங் என்றால் மலாயில் காலி. பூஜ்ஜியத்துக்கும் எங்கள் ஊரில் அதுதான் பேர், சீனி போடாத தேநீருக்கும் அதுதான் பேர். நானும் சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு, அன்று வந்த பரவால்லவுக்கெல்லாம் கோசோங் போட்டேன்.

எனக்குத் தெரியாதா? அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திய அன்று அம்மா சொன்னது பரவால்ல. கொதிக்கிற ரசம் காலில் கொட்டித் தோல் உரிந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கும் பரவால்ல. இன்னொரு தோசை வைக்கட்டுமா என்றால் பரவால்ல என்பார், அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். நான் பரீட்சையில் மட்டமாக எழுதிவிட்டு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பரவால்ல சொன்னார், இரண்டு நாளைக்கு என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் முகத்தைப் பார்ப்போம், கை என்ன செய்கிறது என்று பார்ப்போம், அதற்குப் பிறகுதான் அர்த்தம் புரியும். பிரிக்பீல்ட்ஸில் டாக்டர் வீட்டிலும் அதே கதையாகத்தான் இருந்திருக்கும். தமிழ் தெரியாத ஒருவர் கோசோங் போடச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு அருவருப்பு அடைந்திருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் அந்த ஆன்டி வந்தார். அம்மாவோடு பத்து வருடம் ஒரே வரிசையில் நின்று பேக்கிங் செய்தவர், இப்போது இரவு ஷிப்டில் இருந்தார். வேலை தொடங்கப் பல மணி நேரம் இருந்தும் எனக்காகவே முன்கூட்டி பஸ் பிடித்து வந்திருந்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோயிருந்தான். இருபத்திரண்டு வயது, என் வயதுதான். காரியத்துக்கு நானும் போயிருந்தேன்.

உட்கார்ந்ததும் பையிலிருந்து, தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும் கட்டிய இரண்டு நாசி லெமாக் பொட்டலங்களை எடுத்தார். ஒன்றை என் பக்கம் தள்ளி, சாப்பிடு என்றார். எனக்காகவா வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

“இல்லமா. டெய்லி கை தானா ரெண்டு வாங்கிருது. சாப்பிட ஆள் இல்ல.”

எனக்குப் பசி. நான் சாப்பிட்டேன். ஆன்டி தன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நான் விரலை நக்கிவிட்டு, டிஷ்யூவில் துடைத்துக்கொண்டு, கேள்விகளை ஆரம்பித்தேன். தூக்கம்? பரவால்லமா. சாப்பாடு? பரவால்லமா, பிரிக்காத பொட்டலத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே. எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? பரவால்லமா. பத்துக்கும் பத்து கோசோங் போட்டேன். டேப்லட் ஒரு சுற்றுச் சுற்றிப் பச்சை மூஞ்சியைக் காட்டியது. ஆன்டி கண்ணைச் சுருக்கி என் வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். இது என்னம்மா என்றார். நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம் என்றேன். டாக்டர் சொன்னாங்களா என்று கேட்டார், ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரி டாக்டர் என்று அவர் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். திருத்தவில்லை. முடிவு அவர் கைப்பேசிக்கும் அதே மூஞ்சியோடு போய்ச் சேர்ந்தது.

செயலியைச் சுபாங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் வைத்து வெளியிட்டார்கள். சாத்தே இறைச்சிக் குச்சிகளும் மீந்த கூய் பலகாரமும் தட்டில் குவிந்து கிடக்க, தொழிற்சாலை நிர்வாகியும் டாக்டரும் ஒரு பெரிய பச்சை மூஞ்சி அட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தொழிலாளர் ஒருவர்கூட அங்கே இல்லை. தமிழ் வரிகள் அருமை என்று யாரோ என் கையைக் குலுக்கினார்கள். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து அம்மா வேலை முடிந்து வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் என்னிடம் கேட்டார். “அவளுக்கு நல்லாருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களா?” விஷயம் இதுதான். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பினால் ஆன்டியால் தூங்க முடியவில்லை. உயிரோடு இருந்தபோது பகலில்தான் மகன் வீட்டில் இருப்பான். பகல் முழுக்க அந்த வீட்டில் தனியாக இருக்க அவரால் முடியவில்லை. காலை ஷிப்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று மனிதவளப் பிரிவில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கிருந்த அதிகாரி கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் ரிப்போர்ட் பச்சையாக இருக்கிறதே, டாக்டரே ஓகே சொல்லிவிட்டாரே என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். மாதக் கடைசியில் செயலியிலேயே மறுபடி ஒரு முறை சோதிக்கலாம், அதுவும் பச்சை என்றால் பேச்சே கிடையாது என்றாராம். இந்த இரவு ஷிப்டில் இனி முடியாது, வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று ஆன்டி அம்மாவிடம் அழுதிருக்கிறார். வேலையை விட்டால் இருபத்துநாலு மணி நேரமும் அதே வீடுதான்.

மறுநாள் டாக்டரின் அறைக்குப் போனேன். ஆராய்ச்சிக்கென்று வாங்கிய பதில் எப்படி நிர்வாகத்தின் கைக்குப் போனது என்று கேட்டேன். ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தகவல்கள் பங்காளி நிறுவனத்துடன் பகிரப்படலாம். அதுவும் என் தமிழ்தான். கேண்டீன் சத்தத்தில் அந்த வரியை நான் கடகடவென்று வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கியது ஞாபகம் வந்தது. அந்த ஆன்டியின் எண்ணையாவது மாற்றுங்கள், அது தப்பு என்றேன். பந்தைப் பிசைந்துகொண்டே சிரித்தார். அன்று முழுக்கத் தமிழிலேயே பேசினார்.

“பதிலுக்கு நம்பர் போட்டு கோடிங் பண்ணது நீதானே? ஷீட்ல உன் பேர்தான் இருக்கு. இதெல்லாம் பெருசு பண்ணாதம்மா. அடுத்த வாரம் சப்மிஷன், லெட்டர்கூட டைப் பண்ணி வச்சிட்டேன்.”

எழுந்து அவர் முகத்தில் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன். கழிவறைக்குப் போய் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். யார்மேல் அந்தக் குமட்டல் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த வாரம் ஆய்வேட்டை அப்படியே சமர்ப்பித்தேன், பரவால்லவைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. நல்ல மதிப்பெண் கிடைத்தது, கடிதமும் கிடைத்தது.

ஆனால் மறுசோதனைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிள்ளானில் ஆன்டியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். மெஷினில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். தப்பு செய்தது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த முறை கேள்வி கேட்க ஆள் இருக்காது, உங்கள் குரலைக் கேட்டு மெஷினே எண் போடும், பரவால்ல என்றால் அதற்குப் புரியாது, அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதீர்கள் என்றேன். பதில் சொல்பவருக்குப் பதிலைச் சொல்லிக் கொடுப்பதைப் போலப் பாவம் எங்கள் படிப்பில் வேறு கிடையாது. நான்கு வருடமாக அதைத்தான் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள்.

மகனின் ஹெல்மெட் அலமாரிக்கு மேல் இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒத்திகை ஆரம்பித்தேன். தூங்க முடிகிறதா ஆன்டி? “பரவா...” என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா சிரித்துவிட்டார், ஆன்டியும் சிரித்தார். மறுபடி கேட்டேன், மறுபடி அதே சொல். ஏழெட்டு முறை அப்படியே போயிற்று. பத்து வருடமாக ஒன்றாகச் சாப்பிட்ட அம்மாவுக்குக்கூடப் பொறுமை போய், உள்ளதைச் சொல்லேன் என்று அதட்டினார். நான் இன்னொரு முறை கேட்டேன்.

“வரலமா” என்றார் ஆன்டி. “அவன் போனதுலேர்ந்து வரல.”

பிறகு நிறுத்தவே முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மகனின் சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறார், வாசம் போய்விடும் என்று. வாசலில் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறார். அம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். நான் பத்துக் கேள்வியில் ஒன்றைத்தான் கேட்டிருந்தேன். மறுநாள் செயலி சிவப்பு மூஞ்சியைக் காட்டியது, அடுத்த மாதம் காலை ஷிப்ட் கிடைத்தது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் நிஜமான டாக்டரிடமும் அம்மா அவரை அழைத்துப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். என்னால் விட முடியவில்லை. அன்று ஆன்டி தந்த பொட்டலத்தின் சம்பல் ருசி நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. இரண்டு மாதம் கழித்து, காலை ஷிப்ட் முடிந்து ஆன்டி வீடு திரும்பும் நேரமாகப் பார்த்துத் தனியாகப் போனேன். பையை மேசையில் வைத்துவிட்டு எனக்குப் பாலில்லாத தே ஓ கலக்கிக் கொடுத்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன்: மெஷின்மேல் தப்பில்லை, பத்துக் கேள்விக்கும் கோசோங் போட்டது நான், பச்சை மூஞ்சிக்குக் கீழே அந்த வரியை எழுதியதும் நான்.

“பரவா...” என்று ஆரம்பித்தார். ஒத்திகையில் நிறுத்திய மாதிரியே நிறுத்திக்கொண்டார்.

“இல்லமா. அப்டிச் சொல்லக் கூடாதுன்னு நீதான சொல்லிக் குடுத்த. பரவால்ல இல்ல. எனக்கு ரொம்ப வலிச்சுச்சு. புள்ளய எரிச்சிட்டு வந்து நிக்கிறேன், போன்ல வாழ்த்துகள்னு வருது. அத எத்தன நாள் எடுத்து எடுத்துப் படிச்சேன் தெரியுமா. யாரு பெத்ததோ, இப்டி எழுதுதேன்னு நெனச்சேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். பையிலிருந்து நாசி லெமாக் பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தார். அன்றும் இரண்டு இருந்தன. ஒன்றைப் பிரித்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.